வெட்டி எடுக்கத் தோதான மூன்று நிமிடங்கள்

(திரைப்பட வாசிப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1930களின் நடுவிலிருந்து 1950களின் நடுவரை ஹாலிவுட் எடுத்துத் தள்ளிய ஆட்டபாட்டப் படங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஃபிரெட் அஸ்டெயர், ஜின்ஜர் ரோஜர்ஸ், ஜீன் கெல்லி, எலினார் பவல் காலத்துப் படங்கள். இந்தப் பெயர்கள் தெரியாதவர்கள்கூட, ஒருவர் கொட்டும் மழையில் குடையை மடக்கிக்கொண்டு ஆடும் ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ காட்சியை எங்காவது பார்த்திருப்பீர்கள். இந்தப் படங்கள் திரையரங்கை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவை பெரும்பாலும் வீட்டில் பார்க்கும் வடிவங்களில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. முதலில் விஎச்எஸ் கேசட், பிறகு லேசர் டிஸ்க், டிவிடி, இப்போது ப்ளூ-ரே. என் பேச்சு இந்தத் தகடுகளைப் பற்றியது. அவற்றில் யாருடைய ஆட்டம் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பதைப் பற்றியது.

சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நம் முன்னோடிகளுக்கு அப்படித் தோன்றியதில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டத்தகாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பர் நிலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொன்னார். அங்கேயும் அப்படிப் பார்த்தவர்கள் உண்டு. ஆலிசன் டேவிஸ் என்ற கறுப்பின மானுடவியலாளரும் அவரது சகாக்களும் அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றி 1941இல் வெளியிட்ட ‘டீப் சவுத்’ நூலின் துணைத்தலைப்பிலேயே ‘சாதி’ என்ற சொல் இருக்கிறது. நான் பேசப்போகும் படங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். ஆகவே நான் ஒப்புமையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

முதலில் கத்தரியைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஒரே படம் அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி ஓடவில்லை. மாநிலத்துக்கு ஒரு தணிக்கை, சில நகரங்களுக்குத் தனித் தணிக்கை. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் லாயிட் பின்ஃபோர்ட் என்று ஒருவர் இருந்தார். காப்பீட்டு நிறுவனம் நடத்தியவர். 1928 முதல் 1955 வரை அந்நகரத் தணிக்கைக் குழுவின் தலைவர். கறுப்பர்கள் வேலைக்காரராக வந்தால் அவருக்குச் சிக்கல் இல்லை. கண்ணியமாக உடுத்தி, தலை நிமிர்ந்து, வெள்ளையருக்குச் சமமாக நின்றால் கத்தரி வரும். 1947இல் ‘கர்லி’ என்ற குழந்தைகள் படத்தையே அவர் தடுத்தார். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பதாகக் காட்டியதுதான் குற்றம்.

பின்ஃபோர்ட் போன்றவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. எனக்கு அவரைவிட ஸ்டூடியோக்காரர்கள்தான் முக்கியம். கத்தரி வரும் என்று தெரிந்தே அவர்கள் படத்தை வடிவமைத்தார்கள். கறுப்பின ஆட்டக்காரர்களின் காட்சியைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். கதாநாயகன், நாயகி யாரும் அந்தச் சட்டகத்துக்குள் வர மாட்டார்கள். மூன்று நிமிடம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு படத்தில் யாரும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தென்மாநிலத்துக்குப் போகும் பிரதியில் அந்த மூன்று நிமிடத்தை எடுத்துவிட்டால் கதையில் ஒரு கீறலும் விழாது.

1941இல் வந்த ‘சன் வேலி செரினேட்’ படத்தில் ‘சட்டனூகா சூ சூ’ பாடலைப் பாருங்கள். முதல் பாதியில் கிளென் மில்லரின் வெள்ளை இசைக்குழு வாசித்துப் பாடி முடிக்கிறது. அதே பாடலின் அடுத்த பாதி வேறொரு அரங்கில், ரயில்பெட்டி ஒன்றின் முன்னால் நடக்கிறது. அங்கே டோரதி டேண்ட்ரிட்ஜும் நிக்கோலஸ் சகோதரர்களும் ஆடுகிறார்கள். டிவிடியில் பார்க்கும்போது அந்த மாற்றம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். தையல் தெரியும். துணியில் அளவெடுத்து ‘இங்கே வெட்டு’ என்று சாக்பீஸில் கோடு போட்டிருப்பதைப் போல இருக்கும்.

இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. ஊரும் சேரியும். ஊருக்குச் சேரியின் உழைப்பு வேண்டும், பறை வேண்டும், ஆட்டம் வேண்டும். ஆனால் சேரி ஊருக்குள் இருக்கக் கூடாது, எல்லைக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். ஹாலிவுட் அதே வேலையைக் காலத்தில் செய்தது. நூறு நிமிடப் படத்தில் மூன்று நிமிடச் சேரி. படத்தைப் பார்க்க வந்த கறுப்பர்கள் தென்மாநிலத் திரையரங்குகளில் தனி வாசல் வழியாக ஏறி மாடியில் உட்கார வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அரங்கக் கட்டடமும் படத்தொகுப்பும் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை.

வீட்டுக்கு வந்த தகடு இந்த இடத்தில் ஒரு காரியத்தைச் செய்திருக்கிறது. மெம்பிஸ் திரையரங்கில் 1941இல் உட்கார்ந்திருந்தவருக்கு எது காணாமல் போனது என்றே தெரியாது. இன்று முழுப் பிரதி நம் கையில் இருக்கிறது, நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது. பொத்தான் இல்லாமல் என் ஆய்வு இல்லை என்பேன். அந்தக் காலத்து நடனக் காட்சிகளைத் தலை முதல் கால்வரை முழு உருவமும் தெரியும்படி, வெட்டு அதிகம் இல்லாமல் எடுத்தார்கள். அஸ்டெயர் அதில் பிடிவாதமாக இருந்தவர். அதனால் ஒருவருடைய பாதம் எந்த வரிசையில் விழுகிறது என்பதை மெதுவாக ஓட்டி எண்ண முடியும். அப்படி எண்ணும்போதுதான் ஒருவர் காலடி இன்னொருவரிடமிருந்து வந்திருப்பது பிடிபடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

லீனா ஹார்னைப் பற்றிச் சொல்லாமல் இந்த மூன்று நிமிடக் கதை முடியாது. எம்ஜிஎம் 1942இல் அவரை ஒப்பந்தம் செய்தது. வேலைக்காரி வேடம் தர மாட்டோம் என்ற உறுதியோடு. கறுப்பின உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் வைட் ஸ்டூடியோ முதலாளிகளைச் சந்தித்து வற்புறுத்திக்கொண்டிருந்த காலம் அது. லீனாவின் அப்பா நேரிலேயே வந்து, என் மகளுக்கு வேலைக்காரி வைக்க எனக்கு வசதி இருக்கிறது, அவள் ஏன் இன்னொருவருக்கு வேலைக்காரியாக நடிக்க வேண்டும் என்று லூயி மேயரிடம் கேட்டதாகச் சொல்வார்கள். உறுதி காப்பாற்றப்பட்டது. எப்படி? வேலைக்காரி வேடம் தரவில்லை. வேறு வேடமும் தரவில்லை. அழகான கவுன் உடுத்தி, தூணில் சாய்ந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவார். படம் முழுவதும் கறுப்பின நடிகர்கள் நடித்த ‘கேபின் இன் த ஸ்கை’, ‘ஸ்டார்மி வெதர்’ (இரண்டும் 1943) தவிர, அவர் நடித்த பெரும்பாலான படங்களில் அவர் வெட்டி எடுக்கத் தோதான ஒரு பாடல், அவ்வளவுதான்.

‘ஷோ போட்’ கதையில் ஜூலி என்றொரு பாத்திரம். கறுப்புக் கலப்பு உள்ளவள், வெள்ளைக்காரியாகவே வாழ்கிறாள், வெள்ளையனைக் கட்டியிருக்கிறாள். உண்மை தெரிந்ததும் அவளைப் படகிலிருந்து துரத்துகிறார்கள். 1946இல் வந்த ‘டில் த க்ளவுட்ஸ் ரோல் பை’ படத்தில் அந்தக் கதையின் சிறு பகுதியை மேடை நாடகமாகக் காட்டியபோது லீனா ஹார்ன் ஜூலியாக வந்து பாடினார். 1951இல் எம்ஜிஎம் ‘ஷோ போட்’ படத்தையே முழுதாக எடுத்தபோது வேடம் ஆவா கார்ட்னருக்குப் போனது. படத்தில் ஒலிக்கும் பாட்டுக் குரல்கூட ஆவாவுடையது இல்லை, இரவல். தனக்காகத் தயாரிக்கப்பட்ட முகப்பூச்சையே ஆவாவுக்குப் பூசினார்கள் என்று லீனா சொல்லியிருக்கிறார். நிறத்தை எடுத்துக்கொள்ளலாம், நிறத்துக்கு உரியவரை எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் முடியாது? அன்று ஹாலிவுட்டை ஆண்ட தயாரிப்பு விதிகளில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே உடல் உறவைக் காட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே ஒரு விதி இருந்தது. விதிகள் 1930இல் எழுதப்பட்டன, 1934 முதல் கறாராக அமலாயின. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். ஹார்லெம் பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகம் அது. இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வருகிறது. ஆணும் பெண்ணும் ஆடிக் கைகோப்பதுதான் இந்த வகைப் படங்களின் மொத்தக் கதையும். ஜோடி சேர்வதற்கான மொழிதான் அங்கே நடனம். யாரோடு யார் ஜோடி சேரலாம் என்பதில் சட்டம் போட்டுவிட்டால், கறுப்பினக் கலைஞருக்கு என்ன மிச்சம்? தனியாக ஆடலாம். இன்னொரு ஆணோடு ஆடலாம். அல்லது ஒரு குழந்தையோடு ஆடலாம்.

குழந்தையோடு ஆடியதுதான் ‘தி லிட்டில் கர்னல்’, 1935. பில் ராபின்சன் அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். ‘போஜாங்கிள்ஸ்’ என்று நாடே அழைத்த மனிதர். படிக்கட்டில் ஏறி இறங்கி ஆடும் அவருடைய ஆட்டம் மேடையில் ஏற்கெனவே புகழ்பெற்றது. படத்தில் அவர் வீட்டு வேலைக்காரர். ஆறு வயது ஷெர்லி டெம்பிள் தூங்கப் போக அடம் பிடிக்கிறாள். அவளுக்கு அந்தப் படிக்கட்டு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, கையைப் பிடித்து மேலே கூட்டிப் போகிறார். ஹாலிவுட் படத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஜோடியாக ஆடிய முதல் காட்சி என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்ததற்காகவே தென்மாநிலங்களில் இதை வெட்டினார்கள்.

(ஒரு இடைச்செருகல். ஷெர்லி டெம்பிள் படங்களை வீட்டு வீடியோவாக விற்றபோது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் நிறமேற்றிய பதிப்புகளையும் விற்றார்கள். நிறமேற்றம் எனக்குப் பிடிக்காத விஷயம், எல்லோர் கன்னமும் ஒரே ரோஜா நிறத்தில் இருக்கும். படத்துக்கு நிறம் பூசுவதற்கு அவர்களுக்கு இருந்த ஆர்வத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.)

அந்தக் காட்சியை நான் வெறுக்கவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் ராபின்சனின் பாதம் ஒவ்வொரு படியிலும் வேறு வேறு ஓசை எழுப்புவது வியப்புதான். அவர் தட்டையாக மிதிப்பவர் இல்லை. பாதத்தின் முன்பகுதியில் நிமிர்ந்து நின்று ஆடுபவர், மேல் உடம்பு அசையாது. ஒரு வேலைக்காரன் வேடத்துக்குள் அவ்வளவு கம்பீரத்தை எப்படிக் கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் கேள்வி. அதே மனிதர் கையில் காசில்லாமல் 1949இல் செத்தார். அடக்கச் செலவை எட் சல்லிவன் ஏற்றார். அவருடைய பிறந்தநாளான மே 25 அமெரிக்காவில் டேப் நடன நாளாக 1989இல் அறிவிக்கப்பட்டது. செத்தபின் சிலை வைப்பது எல்லா ஊரிலும் உண்டு.

டேப் நடனம் என்பது காலணியின் அடியில் உலோக வில்லைகளைப் பொருத்திக்கொண்டு தரையையே மேளமாக்குவது. இது எங்கிருந்து வந்தது? தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், மேளம் அடித்து ஆள் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அடிமைகள் மேளம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மேளம் போனபின் தாளம் கைக்கும் காலுக்கும் உடம்புக்கும் இறங்கியது. பிறகு அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளின் கால் ஆட்டமும் நியூயார்க் சேரிகளில் அதோடு கலந்தது. இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே மேளத்தை அடிக்கவே கூடாது என்று சட்டம். இங்கே ஒரு சாதியார் அடித்தே ஆக வேண்டும், சாவு வீட்டில் கூலி கேட்காமல் அடிக்க வேண்டும் என்று கட்டாயம். இரண்டிலும் தோலின் ஓசை யாருடைய அதிகாரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

அப்புறம் அதே ஆட்டத்தை வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கேலியாக ஆடினார்கள். 1830 வாக்கில் டி. டி. ரைஸ் என்ற வெள்ளை நடிகர் ஆடிய பாத்திரத்தின் பெயர் ‘ஜிம் க்ரோ’. பின்னாளில் பேருந்தில் தனி இருக்கை, பள்ளியில் தனி வாசல் என்று வந்த சட்டங்கள் அத்தனைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. ஒரு கேலி ஆட்டத்தின் பெயரில் சட்டம். கலையை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஹாலிவுட் காலத்தில் இன்னொன்று நடந்தது. கேலியைவிட அமைதியானது அது. கற்றுக்கொண்டார்கள், பெயரைச் சொல்லவில்லை. பட்டி பிராட்லி என்ற கறுப்பின நடன ஆசிரியர் 1920களின் இறுதியில் பிராட்வே வெள்ளை நட்சத்திரங்களுக்கு அடவு அமைத்துக் கொடுத்தார். மேடை நிகழ்ச்சியில் பெயர் வராது. கடைசியில் லண்டனுக்குப் போனார். அங்கேதான் அவர் பெயர் வெளியே வந்தது. 1934இல் வந்த ‘எவர்கிரீன்’ படத்துக்கு அவர்தான் நடனம் அமைத்தார். வில்லி கோவன் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் நடனம் கற்றுக்கொடுத்தார். படங்களின் பெயர்ப்பட்டியலை எத்தனை முறை நிறுத்திப் பார்த்தாலும் இவர்களைப் போன்றவர்களின் பெயர் அகப்படாது. ஜான் பபிள்ஸ் குதிகாலை அழுத்தி மிதித்துப் புதிய தாளக்கட்டு ஒன்றையே உருவாக்கியவர். அவரிடம் அஸ்டெயர் பாடம் கேட்டிருக்கிறார்.

சதிர் பரதநாட்டியமான கதையை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. ஏறத்தாழ அதே ஆண்டுகள். கலாக்ஷேத்ரா 1936இல் வந்தது, தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. சட்டம் தேவை, முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடியது நியாயம். ஆனால் ஆட்டம் எந்த வீட்டுக்குக் குடிபோனது, கற்றுக்கொடுத்தவர்கள் எந்த வாசலில் நின்றார்கள் என்பது வேறு கேள்வி. அதைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

ஜெனி லெகானைப் பற்றிச் சொல்கிறேன், அவர் பெயர் இந்த அறையில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே. 1935இல் ‘ஹூரே ஃபார் லவ்’ படத்தில் பில் ராபின்சனோடு சமமாக நின்று ஆடினார். பாவாடை போடாமல் கால்சட்டை போட்டு, ஆண்கள் செய்யும் தாவல்களைச் செய்த பெண். அதே ஆண்டு எம்ஜிஎம் அவரை நீண்ட ஒப்பந்தத்தில் எடுத்தது. கறுப்பினப் பெண் ஒருவருக்குப் பெரிய ஸ்டூடியோ அப்படி ஒப்பந்தம் தந்தது அதுதான் முதல் முறை என்கிறார்கள். ஒப்பந்தம் நிலைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். 1948இல் எம்ஜிஎம்மின் ‘ஈஸ்டர் பரேட்’ படத்தில் அவரைப் பார்க்கலாம். ஆன் மில்லர் நடிக்கும் பாத்திரத்தின் வீட்டு வேலைக்காரி. அந்தப் படத்தில் ஆன் மில்லருக்கு அட்டகாசமான ஒரு டேப் ஆட்டம் உண்டு. ஜெனி லெகானுக்கு இல்லை. ப்ளூ-ரேயில் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது படம். வேலைக்காரி உடையில் அவர் சட்டகத்துக்குள் வந்து போகும்போது நிறுத்திப் பாருங்கள். அந்த வீட்டில் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

இனி சர்ச்சைக்குரிய பகுதி. ‘ஸ்விங் டைம்’, 1936. அஸ்டெயர் - ரோஜர்ஸ் ஜோடியின் மிகச் சிறந்த படம் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை. அதில் ‘போஜாங்கிள்ஸ் ஆஃப் ஹார்லெம்’ என்றொரு ஆட்டம். பில் ராபின்சனுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி, அஸ்டெயர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடுகிறார். பின்னால் சுவரில் மூன்று பிரம்மாண்டமான கறுப்பு நிழல்கள் அவரோடு போட்டி போட்டு ஆடுகின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மாயாஜாலம். காலடியைப் பார்த்தால் வேறொன்று தெரியும்: அந்த ஆட்டத்தில் ராபின்சனைவிட பபிள்ஸின் சாயல்தான் அதிகம் என்று நடன ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பெயர் ஒருவருக்கு, அடவு இன்னொருவருடையது, முகம் மூன்றாவது ஆளுடையது. மரியாதை செய்ய வேண்டுமென்றால் ராபின்சனையே கூப்பிட்டு ஆடவைத்திருக்கலாமே என்று கேட்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். எனக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு கேள்வி தோன்றவில்லை. அவர் அப்போது ஹாலிவுட்டில் படங்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

இந்தக் காட்சியைத் தகட்டிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலம் அப்படி, ஆட்டத்தை மட்டும் ரசியுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கட்சிக்காரர்களோடு பேசிப் பயனில்லை. அந்தக் காலத்திலும் கறுப்பர்கள் மனிதர்கள்தான், அவர்களுக்கு அன்றைக்கும் வலித்தது. முதல் கட்சியோடுதான் எனக்கு வழக்கு.

‘ஹாலிடே இன்’, 1942. லிங்கன் பிறந்தநாள் கொண்டாட்டமாக ஒரு பாடல். பிங் கிராஸ்பியும் மார்ஜரி ரெனால்ட்ஸும் கரி பூசிக்கொண்டு பாடுகிறார்கள். அடிமைகளை விடுவித்தவருக்குக் கரி பூசிக் கொண்டாட்டம்! தொலைக்காட்சியில் சில அலைவரிசைகள் இந்தப் பாடலை மொத்தமாக நீக்கிவிட்டு ஒளிபரப்பின. நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பாடலின் நடுவில் ஒரு வரியை லூயிஸ் பீவர்ஸ் பாடுகிறார். படத்தில் சமையல்காரி மேமி. அடுக்களையில் தன் இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்து பாடுகிறார். கரி பூசாத கறுப்பு முகம் பாடும் ஒரே இடம் அது. வெள்ளையரின் வெட்கத்தை மறைக்கப் பாட்டை வெட்டும்போது அவரும் சேர்ந்தே போகிறார். பின்ஃபோர்ட் வெட்டியபோதும் கறுப்பர்தான் காணாமல் போனார்கள், இப்போதும் அவர்கள்தான் காணாமல் போகிறார்கள். வெட்டுகிறவரின் மனசு மாறிவிட்டது, வெட்டுப்படுகிறவர் மாறவில்லை. டிவிடியில் அந்தப் பாடல் முழுதாக இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

முழுதாக வைத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் பேச்சும் வேண்டும். க்ரைட்டீரியன் நிறுவனம் 2019இல் ‘ஸ்விங் டைம்’ ப்ளூ-ரே வெளியிட்டபோது, அந்தக் கரி பூசிய ஆட்டத்தைப் பற்றி மட்டுமே மியா மாஸ்க் என்ற கறுப்பினத் திரைப்பட ஆய்வாளரின் நேர்காணலைச் சேர்த்தார்கள். வார்னர் நிறுவனம் பழைய கார்ட்டூன் தகடுகளில், இவை அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற பொருளில் முன்குறிப்புப் போட்டது. அந்த ‘அன்றும்’ என்ற சொல்லுக்காக அதை நான் மதிக்கிறேன். நம் பழைய தமிழ்ப் படங்கள் தகடாக வந்தபோது, சாதியைப் பெருமையாகவோ கேலியாகவோ பேசும் காட்சிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பேச்சை நான் பார்த்ததில்லை.

தகடுகளைப் பற்றிப் பேசும்போது பணத்தையும் பேச வேண்டும். அன்றைய டெக்னிகலர் கேமராவில் ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஓடும், நிறத்துக்கு ஒன்றாக. எண்பது வருடத்தில் மூன்றும் வேறு வேறு அளவில் சுருங்கியிருக்கும். அவற்றைக் கணினியில் மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது செலவு பிடித்த வேலை. ஆகவே எந்தப் படம் விற்கும் என்று பார்த்துத்தான் செய்வார்கள். வெள்ளை நட்சத்திரங்களின் வண்ணப் படங்கள் பளபளவென்று வருகின்றன. ‘போர்கி அண்ட் பெஸ்’ (1959) சிட்னி பாய்ட்டியர், டோரதி டேண்ட்ரிட்ஜ், சாமி டேவிஸ் ஜூனியர் நடித்த பெரிய படம்; உரிமைச் சிக்கல்களால் முறையான தகடாக வராமலே பல பத்தாண்டுகள் கிடந்தது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2011இல் சேர்த்துவிட்டார்கள், வாங்கிப் பார்க்கத்தான் வழியில்லை. இன்னொரு பக்கம், ‘டில் த க்ளவுட்ஸ் ரோல் பை’ படத்தின் காப்புரிமையை யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போட்டு விற்கும் மலிவுத் தகடாக அது எங்கும் கிடைத்தது. ஸ்டூடியோ ஜூலியாக ஏற்காத லீனா ஹார்ன், ஸ்டூடியோவின் மறதியால் ஜூலியாகவே நம் வீடுகளுக்கு வந்தார்.

கடைசியாக நிக்கோலஸ் சகோதரர்கள். ஃபேயார்ட் 1914இல் பிறந்தவர், ஹெரால்ட் 1921இல். பெற்றோர் பிலடெல்பியாவில் அரங்க இசைக்குழுவில் வாசித்தவர்கள். பிள்ளைகள் யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தே கற்றார் ஃபேயார்ட், தம்பிக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். 1932இல் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் ஆடத் தொடங்கினார்கள். மேடையில் கறுப்பர், இருக்கையில் வெள்ளையர் மட்டும் என்பது அங்கே விதி. ஹாலிவுட்டில் அவர்களுக்கும் அதே மூன்று நிமிடம்தான். 1948இல் ‘தி பைரேட்’ படத்தில் ஜீன் கெல்லி அவர்களை அழைத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆடினார். தென்மாநிலங்களில் அதையும் வெட்டினார்கள். அதன்பின் சகோதரர்கள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள்.

அவர்களிடம் வீட்டில் ஒரு கேமரா இருந்தது. 1930களிலும் 40களிலும் குடும்பமாகப் படம் பிடித்திருக்கிறார்கள்: தெரு, வீடு, மேடைக்குப் பின்னால், காட்டன் கிளப் நண்பர்கள், ஹாலிவுட் நாட்கள். அந்த வீட்டுப் படங்களும் 2011இல் அதே தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வீட்டு வீடியோ என்று நாம் சொல்வதற்கு இன்னொரு பொருள் இது. அதில் யாரும் வேலைக்காரர் இல்லை. கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கவும் இல்லை. ஏனென்றால் கதையே அவர்கள்தான்.

இப்போது ‘ஸ்டார்மி வெதர்’ படத்தின் இறுதி ஆட்டத்தைப் போடப் போகிறோம். எண்பது நிமிடத்துக்குள் முடியும் படம், முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள், அதனால் இங்கே யாரும் ஓரமாக நிற்க வேண்டியதில்லை. கேப் காலோவே பாடி முடித்ததும் சகோதரர்கள் இருவரும் இசைக்குழுவின் மேடைகள் மேல் தாவி வருவார்கள். பிறகு பெரிய படிக்கட்டு. ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாண்டி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் விரித்துத் தரையோடு விழுந்து, கையை ஊன்றாமல் எழுவார்கள். ஒத்திகை இல்லாமல் ஒரே தடவையில் எடுத்ததாக ஃபேயார்ட் சொல்லியிருக்கிறார். அஸ்டெயரே இதைப் பெரிதாகப் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாவது தடவை நான் படிக்கட்டில் நிறுத்துகிறேன், கை எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

தோழர், அந்த விளக்கை அணைத்துவிடுங்கள்.